மாடல் ஃபிளாட்டில் குடியிருப்பவர் யார்? ஒரு பூர்வாங்க ஆய்வு

அமெரிக்கக் கல்லூரி நகரங்களில் மாணவர்களுக்கென்றே கட்டப்படும் அலங்கார அடுக்குமாடிகளைப் பற்றி ஏராளமாக எழுதிவிட்டார்கள். வாடகை ஏறியது பற்றி, நீச்சல்குளம் பற்றி, அந்தக் குளத்தில் மிதக்கும் ரப்பர் அன்னங்கள் பற்றிக்கூட எழுத்து உண்டு. ஆனால் இக்கட்டடங்களில் லீஸ் அலுவலகத்தை ஒட்டினாற்போல ஒரு மாடல் ஃபிளாட் இருக்கும். மெத்தை விரித்து, விளக்குப் போட்டு, இப்போதுதான் யாரோ எழுந்து போனதுபோல் வைத்திருப்பார்கள். அதில் குடியிருப்பவர் யார்? இதைத் தொடாமல் மாணவர் குடியிருப்பு பற்றி என்ன ஆராய்ந்தாலும் அது கடைக்கால் போடாத ஆய்வு என்பது இக்கட்டுரையாளரின் துணிபு.

அங்கே ஒருவரும் குடியில்லை, வாடிக்கையாளருக்குக் காட்டுவதற்கான வீடு அது என்று ஒரு கட்சி உண்டு. அது பொருந்தாது. என்னை? எனின், கட்டில்மேல் ஒரு மரத்தட்டும் அதில் இரண்டு காபிக் கோப்பைகளும் காணப்படுவதால் என்க. ஆளில்லாத வீட்டில் ஒரு கோப்பைக்கே வேலையில்லை. கீழடியில் கிடைத்த தாயக்கட்டையை வைத்து அங்கே வாழ்ந்தவர்களின் பொழுதுபோக்கைச் சொல்ல முடியுமானால், இரண்டு கோப்பைகளை வைத்து ஒரு குடியிருப்பாளரையும் அவருடைய விருந்தாளியையும் சொல்லிவிடலாம்.

இனி சான்றுகள். சமையல் மேடையில் ஒரு கண்ணாடிக் கிண்ணம், அதில் எலுமிச்சம்பழங்கள். வீட்டில் வேறு உணவுப்பொருள் இல்லை, எலுமிச்சையும் பிளாஸ்டிக். குப்பைக்கூடை கண்ணில் படாது, பிளாஸ்டிக் எலுமிச்சையை உண்பவர் தோல் உரித்துப் போடப் போவதில்லை என்பதால் இது முரண் அன்று. குளியலறையில் துவாலைகளை மடித்து நாடாவால் கட்டியிருக்கிறது. ஆக, இவர் குளிப்பதில்லை. அல்லது குளித்தபின் ஈரம் அவர்மேல் நிற்பதில்லை. புத்தகங்கள் நிறவாரியாக அடுக்கப்பட்டுள்ளன. சில வீடுகளில் தலைப்பு தெரியாதபடி முதுகைச் சுவர்ப்பக்கம் திருப்பியிருக்கிறார்கள், அத்தனையும் படித்து முடித்தவருக்குத் தலைப்பு எதற்கு? அலமாரியில் சில சட்டைகள், எல்லாம் சந்தன நிறம். கட்டிலில் தலையணைகள் அடுக்கடுக்காக ஏறி, உடம்புக்கு ஒதுக்கிய இடம் பாதிக் கட்டில்தான். இதிலிருந்து இவர் குள்ளர் என்று கொள்வாரும் உளர். சார்ஜர் இல்லை. ஒரு வயர்கூட வெளியே தெரியவில்லை. மேசை விளக்கு எதனால் எரிகிறது என்பது தனி ஆய்வுக்குரியது.

உண்ணாமல், குளிக்காமல், அழுக்குச் சேர்க்காமல், உறங்கினாலும் மெத்தை கசங்காமல் வாழ்பவரை நம் மரபில் காயசித்தி பெற்றவர் என்போம். டெக்சஸ், அரிசோனா, ஃபுளோரிடாப் பக்கங்களில் சித்தர்கள் இத்தனை பேர் இருப்பது தமிழ் ஆய்வுலகின் கவனத்துக்கு இதுவரை வராதது வியப்பே.

காலம் பற்றி ஒரு குறிப்பு. இந்த அடுக்குமாடிகளில் அடுத்த ஆகஸ்ட் மாதத்துக்கான லீஸ் முந்திய இலையுதிர் காலத்திலேயே தொடங்கிவிடும். புதுக் கட்டடமாக இருந்தால் அப்போது அங்கே கிரேனும் சேறும்தான் இருக்கும். ஆகவே எதிர்ச்சாரியில் ஒரு கடையை வாடகைக்குப் பிடித்து, அதற்குள் மாடல் ஃபிளாட்டை அமைத்துவிடுவதும் உண்டு. அதாவது குடியிருப்பவர் கட்டடத்துக்கும் மூத்தவர்.

இவருக்கு எதிர்நிலையில் நிற்பவர் உண்மை மாணவர். அவர் வீட்டை வாடகைக்கு எடுப்பதில்லை, கட்டிலை எடுக்கிறார். நான்கு படுக்கையறை வீடு என்றால் நான்கு தனி லீஸ், நான்கு தனிப் பூட்டு. ரூம்மேட் பாதியில் ஓடிப்போனாலும் அவர் பங்கு இவர் தலையில் விழாது. படுக்கையறைக்கு ஒன்றாகக் குளியலறையும் நான்கு. மனிதகுலம் கண்ட சமத்துவக் கொள்கைகளில் சொன்னபடியே நிறைவேறியது இந்தக் குளியலறைச் சமத்துவம் ஒன்றுதான் என்று தோன்றுகிறது. படிப்பு ஒன்பது மாதம், தவணை பன்னிரண்டு. சம்பளம் இல்லாத மாணவருக்குப் பெற்றோர் ஜாமீன் கையெழுத்துப் போடவேண்டும். விஷயம் இங்கேதான் இருக்கிறது. சோபாவும் தொங்குவிளக்கும் யாருக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டன? மகனோடு வந்து அரைமணி நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு, ‘நம்ம வீட்டைவிட நல்லாத்தான் இருக்கு’ என்று முணுமுணுத்துக் கையெழுத்துப் போடும் தகப்பனாருக்காக. இதைச் சில்லறை வியாபாரமாக எண்ணிவிட வேண்டாம். மாணவர் குடியிருப்பு நடத்தும் அமெரிக்கன் கேம்பஸ் கம்யூனிட்டீஸ் நிறுவனத்தைப் பிளாக்ஸ்டோன் என்ற முதலீட்டு நிறுவனம் 2022-ல் வாங்கியபோது பேசப்பட்ட தொகை, கடனையும் சேர்த்து, சுமார் 1,280 கோடி டாலர்.

சித்தருக்கு முன்னோர் உண்டு. மாணவர் அறைக்கு நாற்காலி போட்ட ஒவ்வொரு பெரிய வடிவமைப்பாளரும் மனத்தில் ஒரு மாணவரைக் குடிவைத்துக்கொண்டுதான் போட்டிருக்கிறார். வால்டர் குரோபியஸ் 1926-ல் ஜெர்மனியின் டெஸ்ஸாவ் நகரில் பௌஹவுஸ் வடிவமைப்புப் பள்ளிக்குக் கட்டிய வளாகத்தில் 28 மாணவர் அறைகள். அந்த அறைகளுக்குச் சின்னச் சின்ன பால்கனிகள், தட்டுமுட்டுகள் பள்ளியின் பட்டறைகளிலேயே செய்தவை. தான் செய்த நாற்காலியில் தானே உட்காருகிறவர் அவருடைய மாணவர். பிடிக்கவில்லை என்றால் புகார் கொடுக்க வேறு ஆள் இல்லை. அறைகள் இன்றும் இருக்கின்றன, காசு கொடுத்தால் ஓர் இரவு தங்கலாம்.

அல்வர் ஆல்டோ பாஸ்டன் அருகே எம்.ஐ.டி.க்கு 1949-ல் கட்டிய பேக்கர் ஹவுஸ் மாணவர் விடுதி, நதியோரம் பாம்புபோல் நெளிந்து கிடக்கும் செங்கல் கட்டடம். பெரும்பாலான அறைகளிலிருந்து சார்ல்ஸ் நதி தெரியவேண்டும் என்பதற்காக அந்த நெளிவு. அதனால் அறைகளும் ஒரே வடிவில் அமையவில்லை. மரச்சாமானையும் அவரே வடிவமைத்தார். ஜன்னலோரம் உட்கார்ந்து ஆற்றைப் பார்த்தபடி சிந்திக்கும் ஒரு மாணவரை ஆல்டோ மனத்தில் வைத்திருந்தார். வந்து சேர்ந்த மாணவர்கள் 1972-ல் ஒரு பழுதான பியானோவை அந்தக் கட்டடத்தின் உச்சியிலிருந்து கீழே தள்ளினார்கள். இடையில் சில ஆண்டுகள் விட்டாலும் பிறகு அது சடங்காகவே ஆகிவிட்டது. பாடங்களைக் கைவிடுவதற்கான கடைசி நாளில் பியானோவைக் கைவிடுவது வழக்கம். அறைகலனுக்கும் மாணவருக்கும் உள்ள உறவை இவ்வளவு தெளிவாகப் பதிவுசெய்த களச்சான்று வேறில்லை.

அதே எம்.ஐ.டி.யில் ஸ்டீவன் ஹோல் 2002-ல் கட்டிய சிம்மன்ஸ் ஹாலில் தனி அறைக்கு ஒன்பது குட்டி ஜன்னல்கள். இதற்கு நேர் எதிர்முனை சான்டா பார்பராவில். அங்குள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் 4,500 மாணவர்களை ஒரே 11 மாடிக் கட்டடத்தில் அடைக்கும் திட்டம் ஒன்று 2021-ல் பெரிய சர்ச்சையானது. அதை வடிவமைத்தவர் கட்டடக்கலை படித்தவர் அல்ல. முதலீட்டில் பேர் எடுத்த சார்லி மங்கர். நன்கொடையாக 20 கோடி டாலர், கூடவே தன் வரைபடப்படிதான் கட்டவேண்டும் என்ற நிபந்தனை. படுக்கையறைகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு ஜன்னலே இல்லை. பதிலாக, பகல் வெளிச்சம்போல் மினுக்கும் செயற்கை ஜன்னல். டிஸ்னி உல்லாசக் கப்பல்களிலிருந்து எடுத்த யோசனை. அறை வசதிப்படாவிட்டால் பிள்ளைகள் வெளியே வந்து நாலு பேரோடு பழகுவார்கள் என்பது அவர் வாதம். மாமியார்கள் நெடுங்காலமாகக் கையாண்டுவரும் இந்த உத்திக்கு வரைபடம் போட்டவர் அவர்தான். பல்கலைக்கழகத்துக்கு ஆலோசனை சொல்லிவந்த கட்டடக் கலைஞர் ஒருவர் எதிர்ப்புத் தெரிவித்து விலகினார். 2023-ல் திட்டமே கைவிடப்பட்டது. ஆனாலும் இக்கட்டுரையாளருக்கு மங்கர் மீது ஒரு மரியாதை உண்டு. அவர் கற்பனை செய்த மாணவர் விநோதமானவர்தான். ஆனால் அறைக்கு வெளியே போக வேண்டியிருக்கிற, உயிருள்ள ஒருவர். பிளாஸ்டிக் எலுமிச்சைக்காரர் அல்ல.

இன்றைய அடுக்குமாடியின் அறைகலனை ஆராய, அழகியலைவிடத் துடைப்பியல் உதவும். பழைய லீஸ் ஜூலைக் கடைசியில் முடிகிறது. புது லீஸ் ஆகஸ்ட் நடுவில் தொடங்குகிறது. இடையில் கிடைக்கும் சில நாள்களில் மொத்தக் கட்டடமும் காலியாகி, கழுவி, சுண்ணாம்பு கண்டு, மறுபடி நிரம்பவேண்டும். இதைத் தொழிலில் ‘டர்ன்’ என்கிறார்கள். அந்த நாள்களில் நிர்வாகிகளின் முகத்தைப் பார்ப்பவர் கல்யாண மண்டபச் சமையல்காரரின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. எனவே சோபா தோல்போலத் தெரிய வேண்டும், தோலாக இருக்கக் கூடாது. தரை மரம்போலத் தெரிய வேண்டும், ஊறக் கூடாது. பீர் கொட்டினால் ஈரத்துணி போதும் என்பதே வடிவமைப்பின் மூலமந்திரம். நான்கு சுவரில் ஒன்றுக்கு மட்டும் கருநீலம் அடித்து மற்ற மூன்றை வெள்ளையாக விடுவதும் இந்தக் கணக்கே. நாலுக்கும் நிறம் கொடுத்தால் ஆகஸ்டில் நாலுக்கும் தேட வேண்டும்.

அப்படியும் சாமான் தெருவுக்கு வராமல் இருப்பதில்லை. விஸ்கான்சினின் மாடிசன் நகரில் ஏராளமான லீஸ்கள் ஆகஸ்ட் 14-ல் முடிந்து 15-ல் தொடங்குவதால், ஒருநாள் இரவு ஊரே நடைபாதையில் இருக்கும். ‘ஹிப்பி கிறிஸ்துமஸ்’ என்று அதற்குப் பெயர். பாஸ்டனின் ஆல்ஸ்டன் பகுதியில் செப்டம்பர் 1-ஐ ஒட்டி இதே திருவிழா. முதுகலை படிக்க விமானம் ஏறிவரும் நம் பிள்ளைகளுக்கும் இந்தக் கல்லூரி நகரங்களில் குடித்தனம் தெருவோரத்தில்தான் தொடங்குகிறது. இரண்டு படுக்கையறையில் ஐந்து பேர், ஹாலில் படுப்பவருக்கு வாடகை கொஞ்சம் குறைவு, கடலூர்க்காரரின் பிரஷர் குக்கர் பொதுச் சொத்து, நடைபாதையிலிருந்து நால்வர் சுமந்து வந்த சோபா ஒன்று. மூட்டைப்பூச்சி இருக்குமோ என்று ஒருவர் கேட்பார், மற்றவர்கள் அவரையே முதலில் உட்காரச் சொல்வார்கள். மனிதர் வாழ்ந்ததற்கான தடயம் வேண்டும் தொல்லியலாளர் போக வேண்டிய வீடு அது.

தூக்கி எறிந்தது எப்போதும் குப்பையாகவே இருந்துவிடுவதில்லை என்பதற்குச் சண்டிகர் சாட்சி. 1950-களில் கட்டடக் கலைஞர் பியர் ழான்னரே அந்நகரின் அலுவலகங்களுக்கும் பஞ்சாப் பல்கலைக்கழகத்துக்கும் தேக்கிலும் பிரம்பிலும் நாற்காலி வடிவமைத்தார். கால் ஆடியதும் அவை கொல்லையில் குவிந்தன, பழைய சாமான் விலைக்குப் போயின. இப்போது பாரிஸிலும் நியூயார்க்கிலும் ஏலம் கேட்கிறார்கள். மத்திய உள்துறை அமைச்சகம் 2011-ல் தலையிட்டு, அவை கைமாறி வெளியே போவதைத் தடுக்கவேண்டி வந்தது. அலுவலகக் கணக்குக்காக முதுகில் வெள்ளைப் பெயிண்டால் எழுதிய எண், இன்று சேகரிப்பாளர்கள் தேடிப் பார்க்கும் குலமுத்திரை. மாடல் ஃபிளாட் சோபாவுக்கு இப்படியொரு மறுபிறவி வாய்க்குமா என்று கேட்டால், அதன் தோல் முதல் வெயிலிலேயே உரியத் தொடங்கிவிடுகிறது என்பதே விடை.

எஞ்சியிருப்பது உண்மை மாணவரும் சித்தரும் ஒருவராகும் நிலை. அது சாவியைத் திருப்பிக் கொடுக்கும் நாளில், பரிசோதகர் வருவதற்கு முந்திய சில மணி நேரங்களில் சித்திக்கிறது. அப்போது அறையில் துணி இல்லை, வயர் இல்லை, குளிர்பெட்டியில் ஒன்றும் இல்லை, மெத்தையில் மடிப்பில்லை. உண்ணவும் குளிக்கவும் இனி வழியும் இல்லை. தடை ஒன்றுதான்: ஓராண்டாகப் படம் மாட்டியதால் சுவரில் விழுந்த ஆணித் துளைகள். டெபாசிட்டில் பிடிக்காமல் இருக்க, மாணவர்கள் அதில் பற்பசையை அப்பி விரலால் வழித்துவிடுகிறார்கள். மூன்று சுவர்களில் இது செல்லும். கருநீலச் சுவருக்கேற்ற பற்பசை கடைக்கு வரும்வரை டெபாசிட் முழுசாகத் திரும்பாது.