டபிள்யூ யாருக்கு?

வா கண்ணு, உட்காரு. நாகரபாவி ஐசெக் ஆராய்ச்சி நிறுவனத்துல பொருளாதார பிஎச்.டி. சீட்டு கிடைச்சுதாமே. அதுக்குள்ள கோலார் சுரங்கத்தைப் பத்திதான் ஆராய்ச்சின்னு மாரிகுப்பம் ரயிலடி வரைக்கும் சொல்லிவச்சிருக்கே. அவசரம் ஆகாது. முதல்ல பாடம். யுஜிசி 2022ல போட்ட விதிப்படி குறைஞ்சது 12 கிரெடிட், நூத்துக்கு 55 எடுத்தாத்தான் தீசிஸ் பக்கம் போகலாம். ஆராய்ச்சி நெறிமுறைன்னும் ஒரு பாடம் உண்டு. அடுத்தவன் எழுதினதைத் திருடாதேன்னு பரீட்சை வச்சுச் சொல்றாங்க, நல்ல ஏற்பாடு.

வகுப்புல வாயைத் திறக்காதே. தொழிலாளி எல்லாரும் ஒரே மாதிரின்னு போர்டுல எழுதினா தலையாட்டு. வடாற்காட்டான், சித்தூரான், சுரங்கத்துல கீழே துளை போட்டவன், மேலே குடை பிடிச்சவன், எல்லாருக்கும் சேத்து 'எல்'னு ஒரே எழுத்துதான். எல்லாருக்கும் எல்லாத் தகவலும் தெரியும்னு அடுத்த வரி வரும். சொல்லாமக்கொள்ளாம பாறை வெடிச்ச கதையை அப்ப எடுக்காதே. மாஸ்-கொலெல் பொருளாதாரப் பாடப் புஸ்தகம் கிட்டத்தட்ட ஆயிரம் பக்கமாம். தலைக்கு வச்சுப் படுக்காதே, கழுத்து பிடிச்சுக்கும்.

ஆனா ஹோட்டலிங்னு ஒரு பொருளாதார அறிஞர், அவரை விட்டுடாதே. நீ திண்ணையில சத்தமாப் படிச்சப்ப காதுல விழுந்தது. தோண்டற செலவு போக மிஞ்சற விலை வட்டி வேகத்துல ஏறணும், இல்லாட்டி சுரங்கக்காரன் இன்னைக்கே தோண்டி வித்துப் பணத்தை பேங்குல போட்டுடுவான்னு 1931ல எழுதினாராமே. மனுஷன் புத்திசாலிதான்.

இங்க 1880ல ஜான் டெய்லர் கம்பெனி வந்த காலத்துல ஒரு டன் கல்லுல 40 கிராமுக்கு மேல தங்கமாம். கடைசியில 3 கிராம் தேறினாலே பெரிசு. சாம்பியன் ரீஃப் சுரங்கத்துல ஆழம் 3 கிலோமீட்டரைத் தாண்டிப் போச்சு. காத்தைக் கூட காசு குடுத்துத்தான் கீழே அனுப்பணும். 2001 பிப்ரவரி 28ல மூடிட்டாங்க. தங்கம் தீந்தா போச்சு? செலவு கட்டுப்படியாகலை, அவ்வளவுதான். அதுக்கப்புறம் விலை எங்க போச்சுன்னு எந்த நகைக்கடையில வேணா கேளு.

ஹோட்டலிங் கணக்குப்படி விலை ஏறுற வரைக்கும் காத்திருந்து தோண்டலாம். அதுவரைக்கும் தொழிலாளி லைன் வீட்டுல அடுப்பு எரியறது யார் பொறுப்புன்னு அந்த சமன்பாட்டுல தேடிப்பாரு. அப்புறம், பம்பை நிறுத்தினா குழிக்குள்ள தண்ணி ஏறும். அது வட்டி விகிதமெல்லாம் பாக்காது.

இதையெல்லாம் 55 வாங்கின பிறகு சொல்லு. தண்ணிக்கும் ஒரு எழுத்து வேணும், டபிள்யூன்னு வச்சுக்கலாம்னு பாத்தேன். அதைக் கூலிக்குக் குடுத்துட்டாங்களாம். இங்கதான் கூலியே இல்லையே, கொஞ்ச நாளைக்குக் கடன் கேட்டுப் பாரேன்.