மலைக்குகையில் மாமியார்: ஒரு பையை முன்வைத்துச் சில ஆய்வுக் குறிப்புகள்

1. ஆய்வுக் களம்

வியட்நாம் தலைநகர் ஹனோய்க்குத் தென்மேற்கே சுமார் 60 கிலோமீட்டரில் ஹுவோங் திக் குகை இருக்கிறது. பௌத்தர்கள் வணங்கும் அவலோகிதரின் பெண் வடிவான குவான் அம் அங்கே குடிகொண்டிருக்கிறாள். தென்வானின் கீழ் முதன்மையான குகை இதுவே என்று 1770இல் ட்ரின் சாம் என்னும் ஆட்சியாளர் வாயிற்பாறையில் பொறிக்கச் செய்தார். அவர் மாமியாரோடு வந்தாரா, தனியாக வந்தாரா என்பதைக் கல்வெட்டு சொல்லவில்லை. அந்தக் குறையை நிரப்பவே ஹனோய் வீடொன்றின் இளைய மாப்பிள்ளையான இக்கட்டுரையாளர் முனைகிறார்.

2. கருதுகோள்

ஒரு வீட்டில் மாப்பிள்ளைக்கு என்ன இடம் என்பதை, இந்தக் குகை யாத்திரையில் படையல் பையை யார் தூக்குகிறார் என்பதைக் கொண்டே அளந்துவிடலாம்.

3. பை

பை ஒன்றல்ல, இரண்டு. முதலாவதில் பழம், ஒட்டரிசிச் சோறு, ஊதுபத்தி, சந்நிதிதோறும் வைக்கச் சில்லறை நோட்டுக் கட்டு. இரண்டாவதில் முழுசாக அவித்த கோழி. புத்தர் சந்நிதிக்குச் சைவப் படையல்தான். கோழி, வழியிலுள்ள காவல் தெய்வத்துக்கு. இரண்டு பையும் ஒரே நிறம். எது எந்தப் பை என்பது மாமியார் மட்டுமே அறிந்த பரம ரகசியம்.

4. படகுப் படலம்

யென் ஓடையில் சுமார் 4 கிலோமீட்டர் தகரப் படகில் போக வேண்டும். துடுப்பு போடுபவர்கள் பெரும்பாலும் பெண்கள். இருபுறமும் சுண்ணாம்புக்கல் மலைகள். நடுவே, எழுந்து போக வழியில்லாத ஒரு மணி நேரம். சம்பளம் எவ்வளவு, சொந்த வீடு எப்போது, குழந்தை எப்போது என்ற வினாக்கள் இந்த வரிசையிலேயே வரும். மாமனார் மலையைப் பார்ப்பார். துடுப்புக்கார அம்மா மாமியார் கட்சி.

முதல் நிறுத்தம் டென் ட்ரின் கோயில். வந்த சேதியை இங்குள்ள மலைத் தெய்வத்திடம் சொல்லாமல் மேலே போகக் கூடாது. கோழி இங்கே படைக்கப்படும்.

5. ஏற்றம்

தியென் ட்ரு கோயிலைத் தாண்டினால் இரு வழிகள்: படிக்கட்டு, ரோப் கார். ஏறினால்தான் புண்ணியம் என்பது மாமியார் கொள்கை. முழங்காலில் பச்சைத் தைலத்தைத் தேய்த்துக்கொண்டே இதைச் சொல்வார். மாமனார் ரோப் கார் கட்சி. ஆனால் வாயைத் திறந்து சொன்னதில்லை.

6. குகைக்குள்

உள்ளே தொங்கும் பாறைகளுக்கும் முளைத்த பாறைகளுக்கும் பெயர் உண்டு: அரிசிக் குவியல், பொன் மரம், வெள்ளி மரம். பிள்ளை வரம் கேட்பவர்கள் பையன் மலையையும் பெண் மலையையும் தொட்டு வணங்குவார்கள். மாமியார் எதுவும் கேட்க மாட்டார். பையன் மலைக்கு எதிரே வந்ததும் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிவார். சரிசெய்ய வெகுநேரம் பிடிக்கும். அவர் செருப்பில் வாரே கிடையாது.

7. எடை மாறா விதி

தெய்வம் எடுத்துக்கொள்வது மணத்தையும் மனத்தையும் மட்டும். பழமும் சோறும் கோழியும் 'லொக்' என்னும் பிரசாதமாகி அப்படியே பைக்குத் திரும்பும். கூடவே வழிக்கடைகளில் வாங்கிய காட்டு வள்ளிக்கிழங்கும் சேரும். ஆக, தெய்வத்துக்குக் கொடுத்துவிட்டு இறங்கும் பை, ஏறியதைவிடக் கனமானது. இயற்பியலார் கவனிக்க.

8. முடிவுகள்

மாப்பிள்ளையின் வளர்ச்சி மூன்று நிலைகளில் அமைகிறது.

அ) விருந்தாளி: "நீ விடுப்பா, நான் தூக்கிக்கிறேன்." உபசாரம் அதிகம், உரிமை இல்லை.

ஆ) தகுதிகாண் பருவம்: கேட்டால் பழப் பை கிடைக்கும். கோழிப் பை கிடைக்காது.

இ) குடும்பத்தவர்: யாரும் எதுவும் கேட்பதில்லை. இரண்டு பையும் தோளில் ஏறிவிடும். மாமியார் திரும்பிக்கூடப் பார்க்காமல் முன்னே நடப்பார்.

இவ்விதிக்குக் கட்டுப்படாதவர் ஒருவர் உண்டு: மூத்த சகலை. படிக்கட்டு தொடங்கும் இடத்தில் அவருக்குத் தவறாமல் ஒரு போன் வருகிறது. இது தனி ஆய்வுக்குரியது.

மூன்றாம் நிலையிலிருந்து பதவி உயர்வு இல்லை. ஓய்வும் இல்லை, வீட்டுக்குப் புது மாப்பிள்ளை வந்தால் ஒழிய. ஆகவே, கொழுந்தியாளுக்குச் சீக்கிரம் நல்ல வரன் அமைய வேண்டும் என்பதே குவான் அம் சந்நிதியில் இக்கட்டுரையாளரின் ஒரே வேண்டுதல். வரன் வாட்டசாட்டமாக இருந்தால் நலம்.