வாய்க்காலைக் கடக்கும் அயல்நாட்டார் குறித்து ஒரு விண்ணப்பம்

பெறுநர்: சுற்றுலாத் துறை, புதுச்சேரி அரசு.

பொருள்: பணி நிமித்தம் வந்து தங்கும் அயல்நாட்டார் சனி, ஞாயிறுகளில் ஊர் சுற்றும் எல்லையை வரையறுத்தல் – தொடர்பாக.



புதுச்சேரியில் வேலை பார்க்க வரும் அயல்நாட்டார், ஓலைச்சுவடி படிக்க வந்த ஆய்வாளராயினும், பிரெஞ்சுப் பள்ளிக்குக் கணக்கு ஆசிரியராக வந்தவராயினும், ஆரோவில்லுக்குப் பயிற்சிக்கு வந்த கட்டடக்கலை மாணவராயினும், வாரத்தில் எஞ்சும் இரண்டு நாள்களை எங்கே கழிக்க வேண்டும் என்பதை ஊரின் விளம்பரப் படங்கள் ஐயத்துக்கு இடமின்றிக் கற்பித்து வருகின்றன. மஞ்சள் சுவர், அதன்மேல் படர்ந்த காகிதப்பூக் கொடி, சுவரோரம் சாய்த்த மிதிவண்டி ஆகிய மூன்றும் ஒரே படத்துள் அடங்கும் தெருக்கள் கடற்கரைச் சாலைக்கும் பெரிய வாய்க்காலுக்கும் இடையிலேயே மிகுதி என்பதால், அங்கே காலையில் ஒரு காப்பியும், மாலை ஆறு மணிக்கு வாகனங்கள் நிறுத்தப்பட்டபின் காந்தி சிலையருகே ஓர் உலாவும் முடித்தவர் புதுச்சேரியை முழுமையாகக் கண்டுவிட்டார் என்னும் கொள்கை நிலைபெற்றுள்ளது. இவ்வளவு தெளிவான ஏற்பாட்டுக்குப் பின்னும் அயல்நாட்டாருள் ஒரு சாரார் வாய்க்காலைத் தாண்டி மேற்கே நடந்துவிடுகின்றனர் என்பதே இவ்விண்ணப்பத்துக்குக் காரணம்.

பெரிய வாய்க்கால் என்பது நகரின் நடுவே வடக்குத் தெற்காக ஓடி, கிழக்கே ஐரோப்பியர் குடியிருந்த வெள்ளை நகரம், மேற்கே தமிழர் குடியிருந்த கறுப்பு நகரம் எனக் குடியேற்ற ஆட்சியினர் வகுத்த பிரிவுக்கு எல்லையாக அமைந்த நீர்வழியாகும். பிரெஞ்சு நிர்வாகம் 1954 நவம்பர் 1 அன்று கைமாறி, சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்டு 16 அன்று நிறைவேறி, ஊர்ப்பெயரும் 2006-இல் புதுச்சேரி எனத் திருத்தப்பட்ட பின்னும், அந்த எல்லையை வார இறுதிகளில் செலவின்றிக் காவல் காத்துவருவது வாய்க்காலின் வாடை ஒன்றே. அதன் தொண்டு பாராட்டுக்குரியது, எனினும் போதவில்லை.

மேற்கே செல்வோரைத் தடுப்பதற்கு முன், கிழக்கே நிற்போரிடமிருந்து சில செய்திகளை மறைத்தாக வேண்டும். வெள்ளை நகரத்தின் பிரெஞ்சு அழகுக்குச் சான்றாகக் காட்டப்படும் கட்டம் கட்டமான தெருவமைப்பு, 1693 முதல் 1699 வரை ஊரைப் பிடித்து வைத்திருந்த டச்சுக்காரர் போட்ட திட்டத்திலிருந்து வந்தது. பிரெஞ்சு ஆளுநர் டூப்ளே வாழ்ந்த நகரத்தை 1761-இல் ஆங்கிலேயர் கைப்பற்றி இடித்துத் தரைமட்டமாக்கினர் என்பதால், இன்று படம் எடுக்கப்படும் சுவர்களுள் டூப்ளேயைக் கண்டவை அரிது. ஊரார் மேரி என்றே அழைத்துவந்த பழைய நகராட்சிக் கட்டடமும் 2014 நவம்பர் மழையில் சரிந்து, பழைய தோற்றத்திலேயே புதிதாக எழுப்பப்பட்டு 2021-இல் திறக்கப்பட்டது. டச்சுக் கோட்டின்மேல், ஆங்கிலேயர் இடித்த இடத்தில், நம் காலத்தில் மறுபடி கட்டப்பட்ட பழமை என்று உள்ளதை உள்ளபடி எழுதினால் அறை வாடகை குறையக்கூடும்.

மேற்கே சென்றவர்களால் விளைந்த கேட்டுக்கு முதற்சான்று, கியோம் லெ ஜாந்தீல் என்னும் பிரெஞ்சு வானியலாளர். வெள்ளி கோள் ஞாயிற்றின் முகத்தைக் கடக்கும் நிகழ்வை, அதாவது வெள்ளி இடைநகர்வை, 1761-இல் புதுச்சேரியிலிருந்து காணப் புறப்பட்ட அவர், ஊர் ஆங்கிலேயர் வசமானதால் கரையிறங்க முடியாமல் திரும்பி, இந்தியப் பெருங்கடல் பகுதியிலேயே காத்திருந்து, 1768-இல் வந்து சேர்ந்து, 1769 ஜூன் 4 அன்று மேகம் மூடியதால் எதையும் காணாது ஏமாந்தார். 1771-இல் நாடு திரும்பியபோது அவர் இறந்துவிட்டதாகக் கருதி அறிவியல் கழகத்தில் அவருடைய இடத்தை வேறொருவருக்குக் கொடுத்திருந்தனர். இவ்வளவு துயருற்றவர் வேலையில்லாத பொழுதைக் கடற்கரையில் கழித்திருந்தால் எவருக்கும் இழப்பில்லை. அவரோ தமிழ்க் கணிதரிடம் கிரகணம் கணிக்கும் முறையைக் கற்றதோடு நில்லாமல், தாம் வருமுன் 1765 ஆகஸ்டு 30 அன்று நிகழ்ந்த சந்திர கிரகணத்தின் கால அளவைத் தமிழ்க் கணக்கு 41 வினாடி குறைத்தும், ஐரோப்பாவின் புகழ்பெற்ற வானியலாளர் மேயரின் அட்டவணை 68 வினாடி கூட்டியும் காட்டின என்று எழுதியும் வைத்தார். ஊர் சுற்றும் அயல்நாட்டாரை உரிய தெருக்களில் நிறுத்தாவிட்டால் இப்படிப்பட்ட ஒப்பீடுகள் எழும்.

அடுத்த நோய் இன்னும் ஆழமானது. 1955-இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு நிறுவனம் அமைந்திருப்பது துறை விரும்பும் கிழக்குப் பகுதியில்தான். ஆயினும் உள்ளே குவிந்திருப்பவை சைவ ஆகம ஓலைச்சுவடிகள். புதுச்சேரியின் சைவச் சுவடித் தொகுப்புகள் 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டிலும் இடம்பெற்றன. அங்கே வந்த பிரெஞ்சு அறிஞர் பிரான்சுவா குரோ பரிபாடலைப் பிரெஞ்சில் பெயர்த்து 1968-இல் வெளியிட்டார். பின்னர் பண்டிதர் தி. வே. கோபாலையருடன் சேர்ந்து தேவாரப் பதிப்பையும் கொண்டுவந்தார். மஞ்சள் சுவருக்குள்ளே தமிழ் படிப்போர் இருக்கும்வரை சுவரின் நிறத்தால் பயனில்லை என்பதைத் துறை எண்ணிப்பார்க்க வேண்டும்.

அயல்நாட்டார் என்னும் சொல்லுக்கு வெள்ளைத்தோலர் என்றே பொருள்கொள்ளும் பழக்கமும் இங்கு உண்டு. ஆங்கிலேய இந்தியாவிலிருந்து 1908-இல் பிரெஞ்சு மண்ணுக்குள் நுழைந்து, ‘இந்தியா’ இதழை இங்கிருந்து நடத்திய சுப்பிரமணிய பாரதி, சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டில் வேலை பார்த்த ஆள்தான். 1911-இல் பிரெஞ்சு நிர்வாகம், வெளியார் ஒவ்வொருவரும் ஊரில் மதிப்புடைய ஐவரின் சான்றுடன் தம்மைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று விதித்தது. அகதிகளாக வந்திருந்தோருக்கு அந்த ஐவரைத் தேடித் தருவதில் கலவை சங்கர செட்டியார் துணைநின்றார். இன்று 180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் வருபவர் 14 நாளுக்குள் தம்மைப் பதிவு செய்துகொள்ள வேண்டியிருப்பதும் அதே மரபின் தொடர்ச்சியே. பாரதி தம் ஓய்வுப் பொழுதுகளில் ஒழுங்காகக் கடற்கரைக்குச் சென்றார் என்பது உண்மை. ஆனால் முத்தியாலுப்பேட்டைத் தோப்பு வரை நடந்து குயிலையும் கேட்டுவந்தார் என்பதால், அவரையும் முன்மாதிரியாகக் காட்டுதல் ஆகாது.

டூப்ளேயின் துபாஷியாக, அதாவது இருமொழி அறிந்த வணிக இடையாளராக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு இல்லாமல் பிரெஞ்சுப் புதுச்சேரியின் அன்றாட வாழ்வை எழுத இயலாது. அதை அவர் எழுதியது தமிழில். அவர் மாளிகையும் பெரிய மார்க்கெட்டுப் பக்கத்தில் அமைந்துவிட்டது. அதைப் பெயர்த்துக் கடற்கரைக்குக் கொண்டுவர இயலுமா எனப் பொறியாளர்களிடம் கேட்கலாம். வைசியாள் வீதியில் தெருப்பக்கம் மரத்தூண்களில் நிற்கும் தாழ்வாரங்களையும், வழிப்போக்கர் உட்காரக் கட்டிய திண்ணைகளையும் சிலர் மீட்டெடுத்து 2008-இல் யுனெஸ்கோ விருதும் பெற்றது வருந்தத்தக்கது. அந்நியர் ஒருவர் காசு கொடாமல் உட்காரலாம் என்னும் எண்ணம் பரவினால், இருக்கைக்கே விலை வைத்துள்ள கிழக்குக் கடைகளின் கதி என்னாகும்?

மேற்கே இன்னோர் இடர் சொல்தாக்கள். பிரெஞ்சுப் படையில் இந்தோசீனா வரை சென்று பணியாற்றி ஓய்வூதியம் பெறும் முதியோரை ஊரார் அப்பெயரால் அழைப்பர். பிரெஞ்சுத் தேசிய நாளான ஜூலை 14 அன்று கடற்கரைப் போர் நினைவிடத்தில் பதக்கம் அணிந்து நிற்கும் அவர்களும் அவர்கள் வழியினரும் பிரெஞ்சுக் குடியுரிமை உடையோர். பிரான்சைத் தேடிக் காகிதப்பூவின் முன் நிற்கும் பயணி, மீன் வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் உண்மையான பிரெஞ்சுக் குடிமகனைத் தமிழர் என்று கருதிக் கடந்து போவதே ஊரின் அமைதிக்கு நல்லது. பேச்சுக் கொடுத்துவிட்டால், வெளிநாட்டில் வேலை பார்ப்பது எப்படி என்பதை அவர் நன்றாகவே சொல்லிவிடுவார்.

ஞாயிறன்று காந்தி வீதியை அடைத்துக்கொண்டு நிற்கும் சண்டே மார்க்கெட்டைப் பற்றி விரிக்கத் தேவையில்லை. சட்டை, செருப்பு, பாத்திரம், பழைய புத்தகம் என எல்லாம் கிடைக்கும் அங்கே, ஒருமுறை விலை பேசிப் பழகிய அயல்நாட்டார் கிழக்கே எழுதியுள்ள விலையைச் சந்தேகிக்கத் தொடங்குவார்.

ஆகவே வாய்க்கால் பாலங்களில் சாவடி அமைத்து, மேற்கே செல்ல விரும்பும் அயல்நாட்டாரிடம் 1911-ஆம் ஆண்டு விதியின்படி ஐவரின் சான்றைக் கேட்டுப் பெறுமாறு துறை வேண்டிக்கொள்ளப்படுகிறது. சாவடிக்கு நிதி இல்லையெனில், அதே பாலங்களில் மேற்குத் திசை காட்டும் பலகை ஒன்றை நட்டு, ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகை, வைசியாள் வீதி, ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதியில் உள்ள பாரதி இல்லம், பெருமாள் கோயில் வீதியில் உள்ள பாரதிதாசன் இல்லம் ஆகியவற்றின் பெயர்களை அதில் எழுதிவைக்கலாம். இரண்டில் செலவு குறைந்தது அதுவே.