ஆடும் முள்ளும் அசையாத எண்ணும்

கேள்வி: பழைய எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் காரில் வேகமானியின் முள் நடனமாடுகிறது. ஓடிய தூரத்தைக் காட்டும் ஓடோமீட்டரோ நின்றுவிட்டது. காருக்கு இனி வயதே ஏறாதா?

பதில்: நின்றது கணக்கு மட்டுமே, அச்செய்தி இன்ஜினின் தேய்மானத்துக்குப் போய்ச் சேரவில்லை. 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தில் தயாரான இக்காரில், கியர்பாக்ஸிலிருந்து வரும் கேபிள் ஸ்மித்ஸ் நிறுவன வேகமானிக்குள் ஒரு காந்தத்தைச் சுழற்ற, அதைச் சூழ்ந்த அலுமினியக் கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம், அதாவது உலோகத்துக்குள்ளேயே வட்டமிடும் மின்சாரம், தூண்டப்பட்டு, மெல்லிய சுருள்வில்லின் எதிர்ப்பை மீறி முள்ளை நகர்த்துகிறது. முள் ஆடுவதற்குப் பெரும்பாலும் வறண்ட அல்லது அளவுக்கு மீறி வளைந்த கேபிளே காரணம். அதற்காகக் கிரீஸைத் தாராளமாக அப்பினால், அது மேலேறிக் காந்தத்தையும் கிண்ணத்தையும் பிணைத்துவிட, வண்டி ஊர்ந்தாலும் முள் பந்தய வேகம் காட்டும். ஓடோமீட்டர் காந்தத்தை நம்பாமல் பற்சக்கரங்களால் நேரடியாக இயங்குவதால், முள் நலமாக இருக்கும்போதும் அது பல் தேய்ந்து நின்றுவிடக்கூடும். வேகமானியின் முகப்பில் சிறிதாக அச்சிடப்பட்ட 1280 போன்ற எண், ஒரு மைலுக்குக் கேபிள் எத்தனை முறை சுழலும் என்பதைக் குறிப்பதால், மாற்று வேகமானி வாங்குவோர் பின் அச்சின் பல்விகிதத்துக்கும் டயரின் அளவுக்கும் பொருந்தும் எண்ணையே தேட வேண்டும். இல்லையெனில் முள் ஒரு வேகமும் காவலர் வேறொரு வேகமும் சொல்ல, நீதிபதி காவலரையே நம்புவார்.