ஸ்லாட் கார் விதிநூல்: மூலமும் உரையும்

பாயிரம்

பாயிரம் சொல்லாமல் நூலுக்குள் நுழைவது மரபன்று. ஆகவே சொல்கிறோம்.

நூற்பெயர்: கிளப் விதிகள். ஆக்கியோன்: கமிட்டி, அதாவது சென்ற ஆண்டு தோற்றவர்கள். வழி: சுருள்வில்லால் ஓடும் தகரக் கார்களைச் செய்துவந்த ஃப்ரெட் ஃபிரான்சிஸ் என்ற ஆங்கிலேயர், அவற்றுக்குள் மின்மோட்டாரை வைத்து, 1957இல் ஹாரோகேட் பொம்மைக் கண்காட்சியில் ‘ஸ்கேலெக்ஸ்ட்ரிக்’ என்று அறிமுகம் செய்தது. எல்லை: இங்கிலாந்தின் ஊர்ப் பொதுமண்டபங்களும் மதுவிடுதிகளின் பின்னறைகளும். யாப்பு: எண்ணிட்ட வாக்கியம், இடையிடையே சிவப்பு மைத் திருத்தம். கேட்போர்: பிள்ளைக்கென்று வாங்கிப் பிள்ளையைத் தொடவிடாத தகப்பன்மார். பயன்: ஆண்டு முடிவில் ஒரு சிறு கோப்பை.

நுதலிய பொருளைச் சற்று விரிக்க வேண்டும். அசலில் 32இல் 1 பங்கு அளவுள்ள கார். பாதையின் ஒவ்வொரு லேனிலும் ஒரு பள்ளம். காரின் மூக்கடியில் இருக்கும் கைடு அதில் இறங்கி நிற்கும். கைடின் இருபுறமும் உள்ள செப்புப் பின்னல், பள்ளத்தின் இரு கரையிலும் ஓடும் உலோகப் பட்டைகளிலிருந்து 12 வோல்ட் மின்சாரத்தை வாங்கி மோட்டாருக்குக் கொடுக்கும். ஓட்டுபவர் கையில் ஒரே ஒரு விசை. அழுத்தினால் ஓடும், விட்டால் நிற்கும், வளைவில் விடத் தவறினால் பறக்கும். பறந்த காரை எடுத்து மறுபடி பள்ளத்தில் வைக்க மார்ஷல் ஒருவர் நிற்பார். அடுத்த சுற்றில் அவரே நமக்கு எதிரி என்பதால் அவரிடம் அவசரத்தை எதிர்பார்க்கக் கூடாது.

ஸ்டியரிங்கே இல்லாத வண்டிக்கு இத்தனை பக்கச் சட்டம் எதற்கு? இதுவே நம் ஆய்வுச் சிக்கல். நம் கருதுகோள்: ஒவ்வொரு விதியும் முன்பொரு நாள் யாரோ ஒருவர் ஜெயித்ததன் தழும்பு.

காந்தவியல்

‘காந்தம் களைந்த காரே கார் எனப்படும்.’

என்னுதலிற்றோ எனின், வளைவில் ஒட்டிக்கொண்டு ஓடுவதை விலக்குதல் நுதலிற்று. கம்பெனியே சேஸிஸின் அடியில் ஒரு காந்தத்தை வைத்து விற்கிறது. பிளாஸ்டிக் பாதையின் பட்டைகள் எஃகு. காந்தம் அவற்றைப் பற்றிக்கொள்ளும். பிறகு விசையை விடவே வேண்டாம். அற்றேல், காந்தம் இல்லாவிட்டால் கார் வால் வீசிச் சறுக்குமே எனின், அஃதே வேண்டப்பட்டது. இனி, மோட்டாருக்குள்ளும் காந்தம் உண்டே என்று கண்டுபிடித்து அதைப் பட்டைக்கு நெருக்கமாகத் தாழ்த்திவைத்தார் ஒருவர். மோட்டாரின் இருப்பிடம் குறித்த விதி அவர் ஜெயித்த மறுவாரம் பிறந்தது. மரப்பலகையில் பள்ளம் வெட்டிச் செப்பு நாடா ஒட்டிய பாதைகளில் இந்த இயல் வேண்டா. செம்பு காந்தத்துக்கு மசியாது.

டயரியல்

‘தேய்த்தல் தகும்; பூசுதல் தகாது.’

தேய்த்தலாவது: டயரை ரிம்மோடு பசையிட்டு ஒட்டி, பின்சக்கரங்களை உப்புத்தாளின் மேல் லேசாக அழுத்தி, குறைந்த வோல்டேஜில் சுழலவிடுவது. ரப்பர் கறுப்பு மாவாக உதிரும். டயர் நிஜமான வட்டமாகும். பிறகு ஒட்டும் டேப்பில் உருட்டித் தூசி எடுப்பர். பூசுதலாவது: பிடிப்புக்காக எண்ணெய் தடவுவது. இவ்வகையில் பெயர் பெற்றது விண்டர்கிரீன் எண்ணெய். மூட்டுவலித் தைலத்தில் வீசுவதும் இதே வாசனைதான். உறுப்பினர்களின் வயதை நோக்கின், வாசனை டயரிலிருந்து வருகிறதா முழங்காலிலிருந்து வருகிறதா என்று பரிசோதகர் துணிவது அரிது.

முன் டயருக்கு நகப்பூச்சு அடிப்பது வேறு. அது பிடிப்பைக் குறைப்பது. வளைவில் முன்சக்கரம் இழுக்காமலிருக்க உதவுவது. பூசுதல் தகாதெனில் இது எவ்வாறு தகும் எனின், ‘பூச்சு என்பது பிடிப்பு நோக்கியது’ என்று உரை வகுத்துத் தப்பித்தனர் முன்னோர்.

எடையியல்

‘குறைந்த எடையினது கார் அன்று.’

காரின் எடை 75 கிராம் எனக் கொள்வோம். நீளம், அகலம், உயரம் மூன்றும் 32 மடங்கு பெருகினால் எடை 32,768 மடங்கு பெருகும். ஆக, அசலில் இந்த ரேஸ் கார் ஏறத்தாழ இரண்டரை டன். நொடிக்கு 5 மீட்டர் ஓடினால் இதே விகிதத்தில் மணிக்கு 576 கிலோமீட்டர். இதற்கு மேலும் சேஸிஸில் ஈயத்தகடு ஒட்டுவார்கள். பாரம் தாழ்ந்தால் கார் கவிழாது. மேலே இருக்கும் பாடியை உள்ளிருந்து சுரண்டி முட்டையோடு போலாக்கினால் இன்னும் நல்லது. அவ்வாறு சுரண்டியவரின் நினைவாக, இன்று பாடியைத் தனியே கழற்றி நிறுக்கிறார்கள்.

உருவவியல்

‘தலையும் தோளும் உடையார் ஓட்டுநர்.’

கூறியது கூறல் என்னும் குற்றம் போலத் தோன்றும், அன்று. உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் ஓட்டுநரும் எடைதான் என்று கண்டு, முதலில் கால்களை நீக்கினர்; பிறகு இடுப்பை; பிறகு கைகளை. ஹெல்மெட் மட்டும் மிதக்கும் கார் கோப்பை வாங்கிய பின்னரே தோளுக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது.

எதிர்மறைச் சான்று

பாடியைச் சேஸிஸோடு பிணைக்கும் திருகுகளை முழுக்க முறுக்கிவிட்டு அரைச் சுற்றுத் தளர்த்துவது அனைவரும் அறிந்த கைப்பக்குவம். பாடி சற்றே ஆடும். அதிர்வு அதில் அடங்கும். வளைவில் கார் அமைதியாகப் போகும். இதற்கு எதிராக விதி அரிது. எல்லோரும் தளர்த்துவதால் எவரும் இதனால் ஜெயிப்பதில்லை. ஆகவே எவருக்கும் இதன்மேல் கோபமில்லை. நம் கருதுகோள் இதனால் நிலைபெற்றது.

மோட்டாரிலும் வித்தியாசம் கூடாதென்று, கமிட்டியே ஒரு பெட்டி மோட்டார் வாங்கிவந்து குலுக்கிக் கொடுக்கும் கிளப்களும் உண்டு. ஒவ்வொருவரும் ஒவ்வொரு லேனிலும் ஒரே அளவு நேரம் ஓட்ட வேண்டும் என்பதும் சமத்துவத்துக்காகவே. எல்லாம் சமமான பிறகும் பழைய ஆளே ஜெயிப்பார். சுட்டுவிரலுக்கு விதி செய்யும் வழி கமிட்டிக்கு இன்னும் பிடிபடவில்லை.

புறனடை

‘ஆமெனச் சொல்லாதன எல்லாம் ஆகா.’

இனி ஜெயிக்கப்போகிறவரை இப்போதே தடுத்துவைத்தல் நுதலிற்று. ஆயினும் ஓட்டுநருக்குத் தலை வேண்டும் என்றுதான் மேலே சொல்லப்பட்டது. அது ஸ்பாஞ்சாக இருக்கக் கூடாதென்று எங்கும் இல்லை. இதை ஒருவர் கவனித்துவிட்டால் அடுத்த பதிப்பில் ஒரு நூற்பா கூடும். எல்லோரும் ஒரே இரவில் தோற்கும் பந்தயம் ஒன்று நடந்தாலொழிய இந்நூல் முற்றுப்பெறாது.