பட்டாபட்டி காத்த பாஸ்போர்ட்

ரோமுக்குத் திருப்பயணம் போகப் பெயர் கொடுத்த நாளிலிருந்து வரதராஜன்பேட்டையில் எனக்குப் புத்திமதி சொல்லாதவர் பாக்கியில்லை. ஜெயங்கொண்டத்தைத் தாண்டாதவர்கள்கூட, "அங்க கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள பர்ஸ அடிச்சிடுவான்" என்று பார்த்து வந்ததுபோல் சொன்னார்கள்.

பக்கத்துக் கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து 1025இல் கடாரத்துக்குக் கப்பல் அனுப்பிய ராஜேந்திர சோழன்கூட இவ்வளவு யோசித்திருக்க மாட்டான். அவனிடம் கடற்படை இருந்தது. என்னிடம் அப்பாவின் பட்டாபட்டி இருந்தது. முழங்கால் வரை நீண்ட கோடு போட்ட டிராயர், உள்ளே ஆழமான பை. "இதுல வச்சா எவனும் எடுக்க முடியாது" என்றார் அப்பா. உண்மைதான். ரோம் விமான நிலையத்தில் அதிகாரி பாஸ்போர்ட் கேட்டபோது என்னாலும் எடுக்க முடியவில்லை. வரிசையை விட்டு விலகிக் கழிப்பறையைத் தேடி ஓடினேன். திரும்பி வந்தபோது எங்கள் குழு மொத்தமும் எனக்காக ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தது.

அம்மாவின் யோசனை வேறு மாதிரி. "திருடன் வெறுங்கையோட போக மாட்டான். அவனுக்குன்னு ஒரு பர்ஸ் வச்சுக்க" என்று பழைய பர்ஸில் ஆயிரம் ரூபாய் நோட்டு இரண்டைச் செருகிக் கொடுத்தாள். 2016 நவம்பர் 8 ராத்திரி செல்லாமல் போன நோட்டுகள். கெடு முடிந்த பிறகு அரிசிப் பானைக்கு அடியில் அகப்பட்ட சிறுவாட்டுப் பணம்.

ரோமில் 64ஆம் எண் பேருந்து தெர்மினி ரயில் நிலையத்திலிருந்து வத்திக்கான் பக்கம் போகிறது. பக்தர்கள் ஏறுவதால் முடிச்சவிக்கிகளும் ஏறுவார்கள் என்று பெயர் வாங்கிய வண்டி அது. ஏறியதும் எங்கள் வழிகாட்டி, "பிக்பாக்கெட், ஜாக்கிரதை!" என்றார். உடனே பதினைந்து பேரின் கையும் அவரவர் பணம் இருந்த இடத்துக்குப் போனது. கழுத்து, இடுப்பு, மார்பு, எனக்குத் தொடை. திருடனுக்கு இதைவிடத் தெளிவாக யார் வழி காட்ட முடியும்? "கூட்டத்துல செயினத் தொட்டுத் தொட்டுப் பாக்காதடி" என்று எங்கள் ஊர்த் தேர்பவனியில் அம்மா தங்கைக்குச் சொன்னது அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் ஒரு சதுக்கத்தில் ஒருவர் சிரித்தபடி கயிற்றோடு வந்தார். வேளாங்கண்ணியில் தொடங்கி எத்தனையோ இடத்தில் கயிறு கட்டிக்கொண்ட கை, தானாக நீண்டது. முடிச்சுப் போட்ட பிறகுதான் விலை சொன்னார். ஐந்து யூரோ. அவிழ்க்கவும் வராத முடிச்சு. கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு நடக்க வேண்டும் என்று அதற்கப்புறம் கற்றுக்கொண்டேன். பாஸ்போர்ட் நகல் ஒன்று பெட்டியிலும், 112 என்ற அவசர எண் மனதிலும் இருந்தால் போதும் என்பதையும்.

கடைசி நாள், அதே 64. இறங்கும்போது பின்பையைத் தடவினேன். பர்ஸ் இல்லை! சுற்றியிருந்தவர்கள் பதறினார்கள். எனக்கோ சிரிப்பை அடக்க முடியவில்லை. இந்நேரம் அவன் நாணய மாற்றுக் கடைச் சன்னலில் காந்தி படத்தை நீட்டியிருப்பான்; அங்கிருந்தவர் உதட்டைப் பிதுக்கியிருப்பார்.

ஊருக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால் முகம் வாடிவிட்டது.

"பாவம்டா," என்றாள். "நான் பேங்கு வரிசையில நின்னாப்பல அவனும் நின்னிருப்பான்."