தலைவர்

மலேசியாவின் நிபோங் திபாலில் தலைவராக இருக்கப் பதவி தேவையில்லை. கோயில் கூட்டத்திலோ கல்யாணப் பந்தலிலோ இரண்டு பேர் 'வாங்க தலைவரே' என்றால் போதும், மூன்றாமவர் எழுந்து நாற்காலியைக் கொடுத்துவிடுவார். எந்தச் சங்கத்துக்குத் தலைவர் என்று கேட்பது மரியாதைக் குறைவு.

இந்தத் தலைவர் இனத்தின் பூர்வீகம் தோட்டம். காலிடோனியாத் தோட்டத்துத் துரை வீடு 99 கதவு மாளிகை என்றே பெயர் பெற்றது. அப்படிப்பட்ட துரைமார் உதிர்க்கும் ஒற்றைச் சொல்லை எழுத்தரான கிராணியார் வாங்கிக் கங்காணியிடம் சேர்ப்பார். பெரட்டு எனும் விடியற்காலை ஆள் கணக்கெடுப்பில் அது கால் மணி நேர அதட்டலாக விளைந்திருக்கும். வேலைக்கு இறங்கிய ஆள் கணக்குப்படி கங்காணிக்குத் தலைக்காசு உண்டு என்பதால் அந்த அதட்டலில் பொருள் இருந்தது. 1938இல் இந்திய அரசு தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதைத் தடுத்ததும் கங்காணி ஆள்கட்டும் முறை ஓய்ந்தது. காலப்போக்கில் தலைக்காசும் போயிற்று, தொண்டை மட்டும் வாரிசுகளுக்கு வந்து சேர்ந்தது.

இன்றைய தலைவர் அதட்டுவதில்லை, தாமதிக்கிறார். திருவிழாச் செலவுக் கூட்டம் எட்டு மணிக்கென்றால் எட்டே முக்காலுக்கு வருவார். எல்லாரும் கத்தி ஓயும்வரை கோப்பி ஓவை ஆற்றிக்கொண்டிருப்பார். பிறகு ஒரு செருமல். 'அது இருக்கட்டும்.' எது இருக்கட்டும் என்பது யாருக்கும் விளங்காது. ஆனால் அதுவரை பேசியதெல்லாம் அந்த ஒரு சொல்லில் தள்ளுபடியாகிவிடும். அடுத்து, கைப்பேசி மேசைமேல் மல்லாந்து படுக்கும். 'ஒய்.பி.கிட்ட பேசிட்டேன்.' மக்கள் பிரதிநிதியான அந்த ஒய்.பி. என்ன சொன்னார் என்று கேட்கத் துணிந்த இளைஞனுக்கு, 'தம்பி யாரு மகன்?' என்பதே பதில். தகப்பன் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் தம்பிக்குக் கேள்வி மறந்துவிடும். பந்தல் வாடகை அன்றும் முடிவாகாது. கூட்டம் திருப்தியாகக் கலையும்.

தலைவரின் ஆட்சிக்குத் தெற்கெல்லை மாநில எல்லை. அதைத் தாண்டினால் பேராக். பாரிட் புந்தார் கல்யாணங்களில் அவர் பெண்ணுக்குப் பெரியப்பா முறை, அவ்வளவுதான். மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருப்பார். சீர்வரிசைப் பேச்சு முற்றும்போது முன்வரிசையில் யாரோ செருமி, 'அது இருக்கட்டும்' என்பார். சபையில் முதலில் தலையாட்டுபவர் இவராகத்தான் இருப்பார்.